"பழைய அலாரம் இனி வேலை செய்யாது" என்று போன் வந்தால் அவசரப்பட வேண்டாம்

அம்மா தனியாக இருக்கிறார், வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஆறு வருடமாகக் கழுத்தில் அலாரம் பட்டன். அமுக்கினால் கூடத்தில் இருக்கும் பெட்டி தொலைபேசி வழியாகக் கண்காணிப்பு மையத்தைக் கூப்பிடும், அவர்கள் ஸ்பீக்கரில் பேசுவார்கள். இரண்டு முறை நிஜமாகவே கைகொடுத்திருக்கிறது.

போன வருடம் யாரோ அம்மாவுக்குப் போன் செய்து, "லைன் டிஜிட்டலாக மாறுது, உங்க பெட்டி அடுத்த மாசத்தோட சரி" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் எரிச்சல். பழைய பெட்டிகள் செம்புக் கம்பியில் டோன் ஒலிகளாகச் செய்தி அனுப்புபவை. இணையம் வழியாகப் போகும் இணைப்பில் அந்த ஒலிகள் சிதைந்து, மையத்துக்கு விளங்காமல் போகலாம். செம்பு லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் அளவில் மின்சாரம் வந்துகொண்டிருந்தது. புது இணைப்பிலோ, வீட்டில் கரண்ட் போனால் ரவுட்டரும் படுத்துவிடும். பிரிட்டனில் பழைய லைன்களை 2027 ஜனவரிக்குள் மூடத் திட்டம். ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் கடைசியில் 3ஜி நின்றபோது, தொலைபேசி லைனுக்குப் பதில் மொபைல் சிம்மில் அதை நம்பியிருந்த அலாரங்களையும் மாற்றவேண்டி வந்தது. ஆக, என்றாவது மாற்றித்தான் ஆகவேண்டும். "அடுத்த மாசம்" என்பது மட்டும் பொய். தொலைபேசி நிறுவனத்தில் கேட்டேன், அம்மாவின் லைனுக்கு இன்னும் தேதியே குறிக்கவில்லையாம்.

நான் கேட்டது எல்லாம் முடிந்த பிறகு. அதற்குள் அந்த ஆள் வீட்டுக்கே வந்து, "இப்ப கட்டுங்கம்மா, அரசு உதவித்தொகையில முழுசா திரும்ப வந்துடும்" என்று சொல்லி டேப்லெட்டில் கையெழுத்து வாங்கிப் போயிருந்தார். பிறகு தாளாக வந்ததைப் படித்தால் புது அலாரத்துக்கு 36 மாத ஒப்பந்தம். உதவித்தொகை பற்றி ஒரு வரி இல்லை.

உதவித்தொகை அலுவலகத்தில் சொன்னது இது: முதலில் அவர்கள் வந்து அம்மாவின் தேவையை மதிப்பிட வேண்டும், பிறகு ஒப்புதல், அதற்கப்புறம்தான் வாங்க வேண்டும். ஏற்கெனவே வாங்கியதற்குப் பணம் கிடையாது. அம்மாவுக்குத் தகுதி இருந்ததாம்! வரிசை மாறியதால் போயிற்று.

அதைவிடக் கொடுமை, பழைய பெட்டி எங்களுடையதே இல்லை, வாடகை. அந்த நிறுவனத்தைக் கூப்பிட்டபோது, "எங்க பெட்டிதானே, நாங்களே இலவசமா மாத்திக் கொடுப்போம். சரி, பழையது எங்கே?" என்றார்கள். அதை "நானே திருப்பி அனுப்பிடறேம்மா" என்று அந்த ஆள் எடுத்துப் போயிருந்தார். அனுப்பவில்லை. தொலைந்த பெட்டிக்கு ஒரு பில். யாரும் ரத்து செய்யாததால் இரண்டு மாத வாடகை வேறு.

சரி, புதியதாவது உருப்படியா? பட்டனைப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அமுக்கிக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான் அமுக்கினேன், சத்தமே இல்லை. விளம்பரத்தில் போடும் தூரம் திறந்தவெளிக் கணக்கு, நடுவே சுவர்கள் வந்தால் பாதிகூடத் தேறாது. விழுந்தால் தானாகவே கூப்பிடும் என்றார்களே, அம்மா கட்டிலிலிருந்து மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தபோது அது அசையவில்லை. சட்டென்ற வேகத்தையும் மோதலையும் பார்க்கிற கருவி அது, மெதுவாகச் சரிவது அதற்கு விழுவதே இல்லை. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இதைப் போட்டிருக்கிறார்கள். எண்பது வயதுக் கண்ணுக்கு!

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஆள் வந்தால், பெட்டி சொந்தமா வாடகையா என்று முதலில் பாருங்கள். வாடகை என்றால் பழைய நிறுவனத்துக்குத்தான் முதல் போன். உதவித்தொகை ஒப்புதல் கடிதம் கையில் வரும்வரை எதிலும் கையெழுத்து வேண்டாம். புதியதை வீட்டின் கடைசி மூலையில் தரையில் உட்கார்ந்து அமுக்குங்கள், பிளக்கைப் பிடுங்கிவிட்டும் ஒருமுறை. சிம் ஒரே நெட்வொர்க்கா, சிக்னல் இல்லாவிட்டால் வேறொன்றுக்குத் தாவுமா என்றும் கேளுங்கள். அது சரியாகும்வரை பழைய பெட்டியைக் கழற்ற விடாதீர்கள்.

இப்போது பழைய நிறுவனம் கொடுத்த புதுப் பெட்டிதான் கூடத்தில் இருக்கிறது. மற்றது அலமாரியில், இன்னும் 22 மாதம் கட்டவேண்டும். நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை. அம்மா மாதம் ஒருமுறை பட்டனை அமுக்கி, "சும்மா பாத்தேன்பா, வெச்சிடறேன்" என்கிறார். மையத்தில் இருப்பவர்களும் அலுத்துக்கொள்வதில்லை.