'முழு செட்' என்று வாங்கிய மறைவுக் கூடாரமும் மான் ஊதலும்: ஓர் எச்சரிக்கை

அமெரிக்காவில் மான் வேட்டைக்கு உரிமம் வாங்கிவிட்டு, இந்தப் பருவத்துக்குப் புதிதாக ஊதலும் மறைவுக் கூடாரமும் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 'வேட்டைக்குத் தேவையான எல்லாம் ஒரே பெட்டியில்' என்று யாராவது விற்றால் கொஞ்சம் நிதானியுங்கள். நான் நிதானிக்கவில்லை. கைக்காசு போனது, சேர்த்து வைத்திருந்த ஆறு நாள் விடுப்பு போனது, கைக்கெட்டும் தூரத்தில் வந்த ஒரு நல்ல கொம்பனும் போனான்.

ஜூலை மாதத் தள்ளுபடியில் வாங்கினேன். பெட்டிக்குள் 'மூன்று பேர் உட்காரலாம்' என்று சொன்ன ஒரு கிரவுண்ட் பிளைண்ட், அதாவது தரையில் விரித்து நிறுத்தும் மறைவுக் கூடாரம். ஆண்மான் உறுமல் எழுப்பும் கிரண்ட் குழல் ஒன்று. கவிழ்த்தால் பெண்மான் போலக் கத்தும் டப்பா ஒன்று. கொம்புகள் மோதும் சத்தத்துக்கு ஒரு பை. வாசனை காட்டி மானை ஈர்க்க, இலவசமாக ஒரு சின்னக் குப்பி மான் மூத்திரம். (இந்தக் கருவிகளை ஆங்கிலத்தில் 'கால்' என்பார்கள். தமிழில் அப்படி எழுதினால் மான்கால் சூப் நினைவுக்கு வரும், ஊதல் என்றே வைத்துக்கொள்வோம்.) விளம்பரக் காணொளியில் ஒருவர் குழலை ஊதுகிறார், அடுத்த நொடி புதரை விலக்கிக்கொண்டு கொம்பன் வந்து நிற்கிறான். அந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவே எத்தனை நாள் வெட்டப்பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

முதலில் தேதியைச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் மாட்டிக்கொண்டது அங்கேதான். திருப்பித் தர 30 நாள். வாங்கியது ஜூலை. வெண்வால் மான்களின் இணைசேரும் பருவம் வடக்குப் பகுதிகளில் உச்சத்துக்கு வருவது நவம்பர் நடுவில். பகல் நேரம் குறையக் குறையத்தான் அவற்றின் உடம்பில் அந்த மாற்றம் நடக்கும், ஊதலுக்கு நன்றாகப் பதில் கிடைப்பதும் அதையொட்டிய வாரங்களில்தான். பொருளின் லட்சணம் தெரியவரும்போது திருப்பித் தரும் கெடு முடிந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். அந்தப் பொருளுக்கு ஐந்து நட்சத்திர மதிப்புரைகள் குவிந்து கிடந்தன. பிற்பாடு கோபத்தில் ஒவ்வொன்றாகத் தேதி பார்த்தேன். பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட். 'வேகமாக வந்து சேர்ந்தது, துணி தரமாக இருக்கிறது, பையனுக்குப் பிடித்திருக்கிறது' என்கிற ரகம். பையனுக்குப் பிடித்ததைப் பற்றி மான் என்ன நினைத்தது என்று ஒருவரும் எழுதவில்லை. டிசம்பர், ஜனவரியில் எழுதிய மதிப்புரைகளை மட்டும் படித்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

சரி, கூடாரத்துக்கு வருவோம். மூன்று பேர் என்றது பொய்யில்லை, ஆனால் உண்மையும் இல்லை. இந்த வகைக் கூடாரங்களின் ஒவ்வொரு சுவரும் நடுவில் குமிழ் போல வெளியே தள்ளி நிற்கும். விளம்பரத்தில் போடும் அகலம் அந்தக் குமிழிலிருந்து எதிர்க் குமிழ் வரை அளந்தது. நாற்காலி போடும் தரையின் அகலம் அதைவிடக் கணிசமாகக் குறைவு. என்னுடையதில் ஒரு நாற்காலி, ஒரு பை, நான், அவ்வளவுதான். வில்லை இழுத்தால் முழங்கை பின்சுவரில் இடித்தது, வில்லின் மேல்நுனி கூரையைத் தொட்டது. தரையின் நீள அகலத்தைத் தனியாகக் கேளுங்கள். வீட்டுத் தரையில் அந்த அளவுக்குச் சதுரம் வரைந்து, உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வில்லை இழுத்துப் பாருங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அடுத்தது துணி. பச்சையும் பழுப்புமாக இலை அச்சிட்டு, பார்க்க அத்தனை அழகு. எனக்கு வில் பிடிக்கக் கற்றுக்கொடுத்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஒரு நாள் இரவு வீட்டுக்கு வந்தவர், கையிலிருந்த புறஊதா டார்ச்சை அதன்மேல் அடித்தார். கூடாரம் முழுக்க நீலமாகப் பளபளத்தது. "என்னப்பா, மறைஞ்சு உட்காரக் கூடாரம் வாங்கினியா, கல்யாண வீட்டு சீரியல் லைட் வாங்கினியா?" என்றார். வெண்வால் மானின் கண்ணில் நிறம் பிரித்தறியும் கூம்பு செல்கள் இரண்டே வகை என்பதை 1994இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. நமக்கு மூன்று வகை. சிவப்பு, ஆரஞ்சு பக்கம் அதற்கு மந்தம். நீலத்தின் பக்கம் நம்மைவிடக் கூர்மை. புறஊதா ஒளியைப் பெருமளவு தடுக்கிற மஞ்சள் வடிகட்டி நம் கண்ணில் இருக்கிறது, மானுக்கு இல்லை. துணி பளிச்சென்று தெரியச் சேர்க்கும் வெளுப்பூட்டிகள் அந்த ஒளியை வாங்கி நீலமாகத் திருப்பி அனுப்பும். விடியலிலும் அந்தியிலும், மான் நடமாடும் அந்த மங்கிய நேரத்தில்தான் இது அதிகம் உறுத்தும். இலை அச்சு எவ்வளவு தத்ரூபமாக இருந்து என்ன, அது வாங்குகிறவன் கண்ணுக்காக அச்சிட்டது.

ஜன்னல்கள் இன்னும் மோசம். எல்லாம் வெல்க்ரோ, கதவுக்கு ஜிப். ஜார்ஜியாவில் நடந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வில், வெண்வால் மானின் செவி 4 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலிக்கு மிகக் கூர்மையாக இருப்பதும், 30 கிலோஹெர்ட்ஸ் வரை அதற்குக் கேட்பதும் தெரியவந்தது. நமக்கு 20ஐத் தாண்டினால் ஒன்றும் கேட்காது. அமைதியான காட்டில் வெல்க்ரோவைப் பிரிக்கும் 'சர்ர்' எனக்கே பல் கூசியது. கொக்கியும் எலாஸ்டிக் கயிறும் வைத்த ஜன்னல் சத்தமில்லாமல் இறங்கும், அதைத்தான் தேட வேண்டும். உள்பக்கம் கறுப்பாக இருக்க வேண்டும். எதிரெதிர் ஜன்னல்களைச் சேர்த்துத் திறந்தால் பின்னால் வரும் வெளிச்சத்தில் நம் உருவம் நிழற்படம் போலத் தெரியும். இதெல்லாம் கூடவந்த தாளில் ஒரு வரி இல்லை. 'வலை வழியாகவே அம்பு எய்யலாம்' என்று மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. பட்டவுடன் விரிகிற இறக்கைமுனை அம்பை அந்த வலை வழியே விட்டால், வலையில் பட்டே விரிந்து திசை மாறும். நல்லவேளை, அண்ணன் முன்பே சொல்லிவிட்டார்.

புதுத் துணியில் ரசாயன வாடை வேறு. வாரக்கணக்கில் வெளியே காயப்போட வேண்டும், வேட்டைக்குச் சில வாரம் முன்பே இடத்தில் நிறுத்தி, அங்கேயே வெட்டிய கிளைகளைச் சுற்றிச் செருகி, மான்களுக்குப் பழக்கப்படுத்த வேண்டும். இந்த அவசரம் என் தவறு, விற்றவர் தலையில் போடவில்லை. நான் நிறுத்தியது இரண்டு நாள் முன்பு.

அந்த நவம்பர் காலைக்கு வருகிறேன். நீர் உறையும் குளிர். இருட்டோடு போய் உட்கார்ந்தேன். ஏழரை மணி வாக்கில் எட்டு முனைக் கொம்போடு ஒருவன், நூறு அடிக்கும் கொஞ்சம் அப்பால், தலையைக் குனிந்தபடி போய்க்கொண்டிருந்தான். மெதுவாக ஒரு உறுமல் கொடுத்தேன். நின்றான், காதைத் திருப்பினான். அதுவரை சரி. சற்று நேரத்தில் மறுபடி நடக்கத் தொடங்கியதும் இன்னொரு உறுமலுக்கு ஊதினேன். வந்தது உறுமல் இல்லை, வாத்து. நாதஸ்வரத்துக்குச் சீவாளி மாதிரி இந்தக் குழலுக்குள் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு உண்டு. அதில் மூச்சின் ஈரம் உறைந்து ஒட்டிக்கொண்டது. நாக்கின்மேல் இருக்கும் ரப்பர் வளையத்தை நகர்த்தித்தான் சுருதி மாற்ற வேண்டும், வளையம் நகர்ந்தால் குட்டி குரல், ஆண் குரல் எல்லாம் தாறுமாறாகும். என் குழலில் அந்த வளையம் தளர்வாகவே வந்திருந்தது. வீட்டுக் கூடத்தில் ஊதிப் பார்த்தபோது எல்லாம் கச்சிதம். குளிரில், அரை மணி நேரம் விட்டுவிட்டு ஊதிப் பார்த்தவன் எவனும் அதை வாங்கியிருக்க மாட்டான்.

வாத்துச் சத்தத்துக்கும் அவன் ஓடவில்லை, அதுதான் ஆச்சரியம். காற்றின் கீழ்ப்பக்கமாக, அதாவது என் வாடையைக் காற்று கொண்டுபோகும் பக்கமாகச் சுற்றிக்கொண்டு எழுபது அடிக்கு வந்துவிட்டான். ஊதலுக்கு வருகிற ஆண்மான் அப்படித்தான் வரும். டெக்சஸில் வெல்டர் வனவிலங்குப் புகலிடத்தில் 1990களில் கொம்புகளை மோதவிட்டு நடத்திய ஆய்விலும், வந்த ஆண்மான்களில் பெரும்பாலானவை காற்றின் கீழ்ப்பக்கமிருந்தே வந்தன. அந்தப் பக்க ஜன்னலை நான் திறந்துவைக்கவில்லை. வெல்க்ரோவைத் தொட பயம். சத்தமில்லாமல் உடம்பைத் திருப்பலாம் என்று முன்னால் குனிந்தேன்.

சட்டைப் பையில் இருந்த டப்பா "ம்ஏஏஏ" என்று கத்தியது.

கவிழ்த்தால் கத்தும் பொருளைப் பைக்குள் வைத்துக்கொண்டு குனிந்தால் வேறென்ன ஆகும். நல்ல டப்பாக்களைச் சத்தமில்லாமல் எடுத்துப்போக, துளையை அடைக்க ஒரு மூடி இருக்கும். இதில் இல்லை. பத்து அடி உயரத்துக்கு ஒரு துள்ளல், வெள்ளை வால் இரண்டு முறை மின்னியது, அவ்வளவுதான்.

அன்று மாலையே விற்பனையாளருக்கு எழுதினேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. "பொருள் பயன்படுத்தப்பட்டதாகத் தெரிகிறது, எனவே திருப்பிப் பெற இயலாது." பயன்படுத்தாமல் குறை எப்படித் தெரியும் என்று கேட்டேன். பதில் வராததால் மறுபடி எழுதினேன். அடுத்த கொள்முதலுக்குச் சிறு தள்ளுபடிக் குறியீடு ஒன்றை அனுப்பினார்கள். அதை நான் பயன்படுத்தவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

அந்த இலவசக் குப்பியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், பணத்தைவிடப் பெரிய சிக்கல் அதில்தான். மான்களின் மூளையை அரிக்கும் நாள்பட்ட மெலிவு நோய் 1967இல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்டது. அதைப் பரப்பும் பிரியான்கள் (உருக்குலைந்த ஒருவகைப் புரதங்கள்) மூத்திரத்திலும் வெளியேறும். அதனால் வெர்மான்ட், விர்ஜினியா போன்ற மாநிலங்கள் இயற்கையான மான் மூத்திரத்தை வேட்டையில் பயன்படுத்தத் தடை போட்டிருக்கின்றன. மின்னணு ஊதல்களுக்கும் பல மாநிலங்களில் மான் வேட்டையில் தடை. விற்பவர் எல்லா ஊருக்கும் ஒரே பெட்டியை அனுப்புகிறார், அபராதச் சீட்டு வருவது நம் பெயருக்கு. உங்கள் மாநில வனவிலங்குத் துறையின் அந்த ஆண்டு விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் குப்பியைத் திறக்க வேண்டும். துப்பாக்கிப் பருவத்தில் கூடாரத்தின்மேலோ பக்கத்திலோ ஆரஞ்சுத் துணி கட்டச் சொல்லும் மாநிலங்களும் உண்டு. சொல்லாவிட்டாலும் கட்டுங்கள். மானுக்கு அந்த நிறம் மந்தமாகத்தான் தெரியும், துப்பாக்கியோடு வரும் இன்னொருவருக்கு நீங்கள் உள்ளே இருப்பது தெரிய வேறு வழி கிடையாது.

இப்போது என்னிடம் இருப்பது அண்ணன் கொடுத்த பழைய கூடாரம். வெயிலில் வெளுத்து, இரண்டு இடத்தில் ஒட்டுப்போட்டது, டார்ச் அடித்தால் செத்ததுபோல் இருட்டாகக் கிடக்கும். குழல் ஒன்றே ஒன்று, அதைச் சட்டைக்குள் நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள்கிறேன், உறைவதில்லை. மான் கண்ணில் பட்ட பிறகு, அது விலகிப் போனால் மட்டும் ஊதுகிறேன். என்னை நோக்கி வரும் மானுக்கு ஊதுவதில்லை. அந்த டப்பா அலமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கிறது, யாராவது பெருக்கக் குனிந்து அதைத் தட்டிவிட்டால் இப்போதும் கத்தும்.