டானிக் தராமல் திருப்பி அனுப்பிய தீவனக் கடை

உப்புவெளியில் எங்கள் வீட்டுக் கொட்டிலில் மூன்று ஆடுகள். இளையவள் ஜமுனாபாரிக் கலப்பு, தலையீற்று. கிடாயிடம் விட்ட நாளைக் கலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். ஆட்டுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். இவள் 139ஆம் நாளே இரண்டு குட்டி போட்டுவிட்டாள். ஒன்று மறுநாள் செத்துப்போனது. மற்றதற்குக் காம்பைப் பிடித்து இழுக்கக்கூடத் தெம்பில்லை. தாயின் மடியோ என் உள்ளங்கைக்குள் அடங்கியது. நல்லவேளையாகப் பக்கத்து வீட்டு மாடு அதே இரவில் கன்று போட்டிருந்தது. அதன் கடும்புப் பாலை, அதாவது கன்று போட்டதும் வரும் முதல் பாலை, ஊட்டித்தான் குட்டியைப் பிழைக்க வைத்தோம்.

மூன்றாம் நாள் திருகோணமலை டவுனுக்குப் போய், பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு சின்னத் தீவனக் கடையில் பால் கூட்டும் டானிக் கேட்டேன். கடைக்கார நானா போத்தலைத் தொடவே இல்லை.

“எத்தனையாவது ஈத்து தங்கச்சி? எத்தனை நாளில போட்டது?”

சொன்னேன்.

“மடி நல்லா இறங்குறதே கடைசிக் கிழமைகளிலதான். அதுக்கு முந்தியே குட்டி வந்துட்டுது. இப்ப மடியைச் சும்மா விட்டீங்க எண்டா வத்திப்போயிடும். குட்டியை ஊட்ட விடுங்க, மிச்சத்தை ஒரு நாளைக்கு நாலு தரம் கறந்து எடுங்க. எடுக்க எடுக்கத்தான் ஊறும்.”

அதோடு விடவில்லை. நாள் முந்திக் குட்டி போடுவதற்கு நோயும் காரணமாக இருக்கலாம், சில நோய்கள் மனிதருக்கும் தொற்றும் என்று சொல்லி, முதலில் அரச கால்நடை வைத்தியரிடம் காட்டச் சொன்னார். குட்டிக்குப் பின்னால் விழும் இளங்கொடியை வெறுங்கையால் தொட்டீர்களா என்றும் கேட்டார். தொட்டிருந்தேன். வைத்தியர் ஆட்டின் இரத்தம் எடுத்துப் பார்த்தார். நோய் எதுவும் இல்லை. முடிவு வரும்வரை ஒரு சொட்டுப் பாலையும் காய்ச்சாமல் யாருக்கும் கொடுக்கவில்லை.

சரி, சாமானுக்கு வருவோம். தேங்காய்ப் புண்ணாக்கு, தவிடு, தாதுப்புக் கலவை வாங்கினேன். நானா புண்ணாக்கை இரண்டாக உடைத்து, மணந்து பார்த்துவிட்டுத்தான் நிறுத்தார். தீவனத்தை ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு புளித்து ஆடு படுத்துவிடும், சில நாளுக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி கூட்டினால் போதும் என்றார். பூவரசு, கிளிசரிடியாக் குழை எப்படியும் வீட்டில் உண்டு.

குறையும் சொல்ல வேண்டும். இரண்டாம் முறை போனபோது நானா இல்லை, பையன்தான் நிறுத்துத் தந்தான். வீட்டில் அவிழ்த்தால் சாக்கின் அடியில் புண்ணாக்கு கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடித்திருந்தது. பால் கறக்கும் ஆட்டுக்கு அது நஞ்சு. மறுநாளே மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார்கள். ஆனாலும் கவனிக்காமல் வைத்திருந்தால்? சாக்குகளை வெறும் நிலத்தில் அடுக்குவதை அவர்கள் நிறுத்த வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடை பூட்டு, வெயிலில் போய் நிற்காதீர்கள்.

முதல் கிழமை குட்டி குடித்தது போக நாளைக்கு 150 மில்லிலீட்டர்தான் கிடைத்தது. ஐந்தாம் கிழமை 600. மூத்த ஆடு தருவதில் பாதிகூட இல்லை, ஆனால் தலையீற்றுக்கு எனக்கு அது போதும். குட்டி இப்போது முட்டி முட்டிக் குடிக்கிறது.

தாதுப்பு முடிந்துவிட்டது. நாளைக்கு அதே கடைக்குத்தான் போகிறேன், புண்ணாக்கை மட்டும் சாக்கின் அடிவரை கிளறிப் பார்த்து வாங்குவேன்.