மேட்டுப்பாளையம் மலை ரயில் – இன்ஜின் பக்கத்துல உக்காந்து போனவனோட ரிவ்யூ

ஊட்டி மலை ரயில் ரிவ்யூன்னு தேடினா எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கு, பனி, டனல், தேயிலை தோட்டம், ஜன்னல் சீட் எந்த பக்கம் கிடைச்சா நல்லதுன்னு. அதெல்லாம் உண்மைதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா இந்த வண்டியோட உயிரே பின்னாடி புகை விட்டுக்கிட்டு எல்லாரையும் மேல தள்ளிட்டு வருது, அத பத்தி நாலு வரி எழுத ஆள் இல்ல. அதனால இது இன்ஜின பத்தின ரிவ்யூ, அத இன்னும் ஓட வெச்சுட்டு இருக்கற ஆளுங்கள பத்தின ரிவ்யூ.

மொதல்ல ஒண்ணு. வழக்கமா ஓடற வண்டியில ஸ்டீம் இன்ஜின் மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வரைக்கும்தான், குன்னூர்ல டீசல் மாத்திடுவாங்க. ஊட்டி – குன்னூர் மட்டும் டிக்கெட் எடுத்தீங்கன்னா அழகான ட்ரிப்தான், ஆனா ஸ்டீம் இன்ஜினுக்காக போறவங்களுக்கு அதுல ஒண்ணும் இல்ல. காலைல மேட்டுப்பாளையத்துல கிளம்பற வண்டிய புடிங்க. ஊட்டி வரைக்கும் 46 கிலோமீட்டர் ஏற கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம் ஆகும், அவசரம் இருக்கறவங்க பஸ்ல போயிடலாம்.

அடுத்து சீட். ஏறும்போது ஃபர்ஸ்ட் கிளாஸ் முன்னாடி கோடியில இருக்கும், மலை முழுக்க கண்ணு முன்னாடி விரியும், போட்டோ எடுக்கறவங்களுக்கு அதுதான் சரி. ஆனா இன்ஜின் எப்பவும் மலைக்கு கீழ் பக்கம்தான் இருக்கும், அதாவது ஏறும்போது பின்னாடி இருந்து தள்ளும். ஏதாவது கழண்டுட்டாலும் பெட்டி கீழ உருண்டு போகாம இன்ஜின் தாங்கணும்ங்கறதுக்குத்தான் அப்படி. அதனால என்னோட ஓட்டு செகண்ட் கிளாஸ் கடைசி பெட்டிக்குத்தான். சத்தம், சூடு, எண்ணெய் வாசனை எல்லாம் அங்கதான் கிடைக்கும். சட்டையில கரித்தூள் விழும், வெள்ளை சட்டை மட்டும் போட்டுட்டு போகாதீங்க.

கல்லாறு ஸ்டேஷன் வரைக்கும் சாதாரண வண்டி மாதிரிதான் ஓடும். அத தாண்டினதும் தண்டவாளத்துக்கு நடுவுல பல் வெச்ச பட்டை ஆரம்பிக்கும், ஒரு பட்டை இல்ல, பக்கத்து பக்கத்துல ரெண்டு, ஒண்ணோட பல்லு இன்னொண்ணோட இடைவெளிக்கு நேரா இருக்கும், அதனால இன்ஜினோட பல்சக்கரம் எந்த நேரமும் எதையாவது புடிச்சுக்கிட்டுதான் இருக்கும். ரோமன் ஆப்ட்னு ஒரு ஸ்விஸ் இன்ஜினியர் 1882ல காப்புரிமை வாங்கின முறை. இந்தியாவுல இந்த மாதிரி பல் தண்டவாளத்துல ஏறற ரயில் இது ஒண்ணுதான். அதிகபட்ச ஏத்தம் 12க்கு 1, அதாவது 12 அடி போனா ஒரு அடி உயரணும், பெட்டிங்கள தள்ளிட்டு ஏறற ஸ்டீம் இன்ஜினுக்கு வெறும் சக்கரத்தோட பிடிப்பு மட்டும் அங்க போதாது, வழுக்கிடும்.

அந்த இடத்துல கொஞ்சம் பேச்ச நிறுத்திட்டு காது குடுத்து கேளுங்க, சத்தமே மாறும். இந்த லைன்ல ஓடற ஸ்டீம் இன்ஜின் வகைக்கு எக்ஸ் கிளாஸ்னு பேர், அதுல நாலு சிலிண்டர், பக்கத்துக்கு ரெண்டு, கீழ ஒண்ணு மேல ஒண்ணு. சமதளத்துல கீழ் சிலிண்டர் மட்டும் ஓடி சக்கரத்த சுத்தும், வேலை முடிச்ச நீராவி நேரா புகைபோக்கி வழியா வெளிய போயிடும். பல் பட்டை வந்ததும் அதே நீராவிய வெளிய விடாம மேல் சிலிண்டருக்கு திருப்பி விடுவாங்க, அது பல்சக்கரத்த சுத்தும். ஒரே நீராவிய ரெண்டு தடவ வேலை வாங்கறாங்க, காம்பவுண்ட்னு இதுக்கு பேர். இறங்கும்போது அதே சிலிண்டர் காத்த அமுக்கி பிரேக்கா மாறிடும். கம்ப்யூட்டர் இல்ல, சென்சார் இல்ல, வால்வும் ராடும் டிரைவரோட கையும் மட்டும்தான். அதோட ஒவ்வொரு பெட்டியிலயும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்னுட்டே வர்றார் பாருங்க, எல்லாரும் டனல் வந்ததும் கத்திட்டு இருக்கற நேரத்துல அவர் கண்ணு லைன் மேலயும் கை பிரேக் மேலயும்தான் இருக்கும்.

ஹில்குரோவ் ஸ்டேஷன்ல தண்ணி புடிக்க நிக்கும். பாதி பேர் டீக்கு ஓடுவாங்க, பாதி பேர் குரங்க பாப்பாங்க, நீங்க இன்ஜின் பக்கம் போங்க. நான் பார்த்தப்ப ஒருத்தர் நீள மூக்கு எண்ணெய் கேன் வெச்சுக்கிட்டு ஒவ்வொரு ராடா சுத்தி வந்தார், எண்ணெய் விடறதுக்கு முன்னாடி புறங்கையால பேரிங்க லேசா தொட்டு பாக்கறார், சூடு அதிகமா இருக்கான்னு. ஒரு இடத்துல ரெண்டாவது தடவ தொட்டார், கொஞ்சம் யோசிச்சார், இன்னும் நாலு சொட்டு விட்டுட்டு நகர்ந்தார். அந்த ரெண்டாவது தொடல் எந்த மேனுவல்லயும் எழுதி வெக்க முடியாத விஷயம், பல வருஷம் பக்கத்துல நின்னு கத்துக்கிட்டாதான் வரும்.

நான் ஏன் இதுக்கு இவ்வளவு உருகறேன்னா, இன்ஜின காப்பாத்தறது வேற, வேலைய காப்பாத்தறது வேற. பெயின்ட் அடிச்சு ஸ்டேஷன் வாசல்ல நிறுத்தி வெச்ச இன்ஜின் நாடு முழுக்க இருக்கு, அதுல கொக்கு உக்காருது, குழந்தைங்க ஏறி விளையாடுது, நல்லதுதான், ஆனா அத வெச்சு யாரும் ஒண்ணும் கத்துக்க முடியாது. ஓடற இன்ஜின்தான் தேயும், தேய்ஞ்சாதான் ரிப்பேர், ரிப்பேர் இருந்தாதான் ஒயிட் மெட்டல்ங்கற மெத்தான உலோகக் கலவைய உருக்கி பேரிங்ல ஊத்தி, ப்ளூங்கற நீல சாயம் தடவி, எங்க ஒட்டுதோ அந்த இடத்த ஸ்க்ரேப்பரால சுரண்டி சுரண்டி உக்கார வெக்கற ஃபிட்டர் இருப்பார். பாய்லர் ட்யூப்ப விரிச்சு ஓட்டையில இறுக்கறது, பாய்லர் தகடுகள இழுத்து புடிக்கற ஸ்டே போல்ட்ட சுத்தியால தட்டி சத்தத்த வெச்சே உடைஞ்சிருக்கான்னு சொல்றது, இதெல்லாம் ஒரு தலைமுறை விட்டுப்போச்சுன்னா திரும்ப கொண்டு வர்றது ரொம்ப கஷ்டம். பிரிட்டன்லயே பாருங்க, ஸ்டீம் ரயில் பொறந்த நாடு, 2008ல டொர்னாடோன்னு புது ஸ்டீம் இன்ஜின் செஞ்சு முடிச்சாங்க, ஆனா அதோட பாய்லர ஜெர்மனியில மைனிங்கன்ல குடுத்துதான் செய்ய வேண்டியதா போச்சு.

நம்ம கதை அந்த விஷயத்துல பெருமையா சொல்லிக்கற கதை. இந்த எக்ஸ் கிளாஸ் எல்லாம் ஸ்விட்சர்லாந்துல வின்டர்தூர்ல செஞ்சது, கடைசி செட் வந்தது 1952ல. அதுக்கப்புறம் உதிரி பாகம் கேக்க அங்க ஆள் இல்லாத நிலைமை வந்தப்ப, திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப்ல அதே மாதிரி இன்ஜின முழுசா புதுசா செய்ய ஆரம்பிச்சாங்க, 2011ல முதல் இன்ஜின் வெளிய வந்துச்சு, எண்ணெயில எரியற மாதிரி. 2021ல நிலக்கரியிலயே ஓடற மாதிரியும் ஒண்ணு செஞ்சாங்க. புது இன்ஜின் போட்டா பாரம்பரியம் போச்சுன்னு சிலர் சொல்றாங்க, எனக்கு அதுல உடன்பாடே இல்ல. 21ஆம் நூற்றாண்டுல நாலு சிலிண்டர் காம்பவுண்ட் ஸ்டீம் இன்ஜின அடிச்சு கடைஞ்சு பொருத்தி மலை ஏத்தற கைங்க நம்ம ஊர்ல இருக்குங்கறதுதான் எனக்கு பாரம்பரியம். 2005ல யுனெஸ்கோ குடுத்த உலக பாரம்பரிய பட்டம் லைனுக்கு, பொன்மலை ஆளுங்களுக்கும் குன்னூர் லோகோ ஷெட் ஆளுங்களுக்கும் நாமதான் குடுக்கணும்.

ஒரே ஒரு ஆசை இருக்கு. இந்த வேலைய பயணிங்க கண்ணுல காட்டணும். ஷெட்டுக்குள்ள பாதுகாப்பா ஒரு கம்பி கட்டி, அந்த பக்கம் நின்னு ஒரு மணி நேரம் வேலைய பாக்க விட்டா போதும், அத பாத்துட்டு ஐடிஐ படிக்கற பசங்கள்ல பத்துல ஒருத்தனாவது "எனக்கு இது கத்துக்கணும்"னு சொல்லுவான். தனி டிக்கெட் போட்டாலும் நான் மொத ஆளா நிப்பேன்.

வண்டிக்கு அஞ்சுக்கு அஞ்சு. சீட் நெருக்கம், கால் நீட்ட முடியாது, டனல்ல ஜன்னல் திறந்திருந்தா புகை உள்ள வரும், மூச்சு பிரச்சனை இருக்கறவங்க முன் பெட்டியில உக்காருங்க. குன்னூர்ல இன்ஜின் கழட்டறப்ப இறங்கி போய் பாருங்க, ஷெட் பக்கம் திரும்பறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் இருக்கும், டிரைவர் கிட்ட மரியாதையா ஒரு கேள்வி கேட்டா நின்னு பதில் சொல்றாங்க.