டிஎன்ஏ ரிப்போட் எடுத்துத் தாறம் எண்டு 85,000 ரூபா சுருட்டிப்போட்டாங்கள், வன்னிச் சனம் கவனம்

நேற்றுப் பின்னேரம்தான் உண்மை தெரிஞ்சுது. கை இன்னும் நடுங்குது. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

என்ர தங்கச்சியின்ர மனுசனுக்குக் கொழும்பில வேலை. மாதம் ஒருக்கா வந்து போறவன். பிள்ளைக்கு இரண்டு வயசாகேக்க, "இது என்ர பிள்ளை இல்லை" எண்டு சொல்லிப்போட்டு காசு அனுப்புறதையும் நிப்பாட்டிப்போட்டான். ஊர்வாய் சும்மா இருக்குமோ? தங்கச்சி கோயிலுக்குக்கூடப் போறேல்லை. எப்பிடியாவது நிரூபிக்கோணும் எண்ட வெறி எங்களுக்கு.

ஏ9 ரோட்டோரம் ஒரு கொமினிகேஷன். போட்டோக்கொப்பி, படிவம் நிரப்புறது எல்லாம் செய்யிறவை. "நீதிமன்றம் ஏற்கிற டிஎன்ஏ ரிப்போட்" எண்டு ஃபேஸ்புக்கில விளம்பரமும் போட்டவை. அங்க இருந்தவர் பிள்ளைக்கு டொபி குடுத்து, "அழாதை தங்கச்சி, ஒரு மாசத்தில அவன்ர மூஞ்சையில ரிப்போட்டை எறியலாம்" எண்டார். அந்த ஒரு சொல்லிலதான் நாங்கள் விழுந்தது. காது துடைக்கிற பஞ்சுக்குச்சியால பிள்ளையின்ர கன்னத்துக்க உரசி, ஒரு கடித உறைக்க போட்டார். தகப்பன்ர பங்குக்கு அவன் விட்டிட்டுப் போன பழைய ரேசர் காணுமாம். அடையாள அட்டையும் பாக்கேல்லை, ஒருத்தரிட்டயும் கையெழுத்தும் வாங்கேல்லை.

85,000 ரூபா. பாதி கச்சான் வித்த காசு, மிச்சம் தங்கச்சியின்ர சங்கிலியை ஈடு வைச்சது. பற்றுச்சீட்டு எண்டு தந்த துண்டில எதுக்கு வாங்கின காசு எண்டே இல்லை.

பிறகு தொடங்கிச்சுது அலைச்சல். "லாப்பில கியூ அக்கா." "பொயா லீவு அக்கா." "தம்பியிட்டக் கேளுங்கோ." பிறகு போனும் எடுக்கேல்லை. நாலாம் மாசம் ஒரு தாள் தந்தாங்கள். சீலும் இல்லை, டொக்டர் கையெழுத்தும் இல்லை, பிள்ளையின்ர பேரே பிழை. காசைத் திருப்பிக் கேட்டால், "நாங்கள் வெறும் ஏஜென்ட், காசு மேல போட்டுது" எண்டு சொல்லிக்கொண்டே போட்டோக்கொப்பி அடிக்கிறான்.

அந்தத் தாளோடதான் நேற்று சட்ட உதவி ஆணைக்குழுச் சட்டத்தரணியிட்டப் போனம். அவ தாளைத் தள்ளி வைச்சிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "கலியாணம் பதிஞ்சதோ?" பதிஞ்சது. அப்ப சான்றுக் கட்டளைச் சட்டத்தின்ர 112ஆம் பிரிவுப்படி, கலியாணம் நிலைச்சிருக்கேக்க பிறந்த பிள்ளை புருசன்ர பிள்ளைதானாம். இல்லை எண்டால், கருத்தரிச்ச காலத்தில ரெண்டு பேரும் சேர வாய்ப்பே இருக்கேல்லை எண்டு அவன்தான் காட்டோணும். மாதாமாதம் வந்து போனவன் எதைக் காட்டுவான்? நாங்கள் நிரூபிக்க ஒண்டுமே இருக்கேல்லை! அந்த 85,000 ரூபாவுக்குத் தேவையே இருக்கேல்லை. தங்கச்சி அங்கேயே கதிரையில இருந்து அழுதிட்டாள்.

இனி என்ன செய்யலாம் எண்டு விபரமா எழுதத்தான் நினைச்சன், ஏலாமல் கிடக்கு. இதை மட்டும் வாசியுங்கோ. தாபரிப்புக்கு, அதாவது பிள்ளையின்ர செலவுக்குக் காசு கேக்க, 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தில நீதவான் நீதிமன்றத்துக்குப் போங்கோ. தாய் தகப்பன் கலியாணம் கட்டாமல் பிறந்த பிள்ளைக்கும் கேக்கலாம், ஆனால் தகப்பன் ஆர் எண்டதுக்கு வலுவான சாட்சி வேணும். டிஎன்ஏ தேவைப்பட்டால் சட்டத்தரணி மூலம் மட்டும் செய்யுங்கோ. ரேசர், சீப்பு எண்டு கேக்கிறவனிட்ட ஒரு சதமும் குடுக்காதேங்கோ.

சங்கிலியின்ர தவணை இந்த மாசம் முடியுது. நாளைக்கு விடிய அந்தத் துண்டோட பொலிசுக்குப் போறம்.