டியோர் எம்5100: வழுக்கும் ஏற்றத்தில் 51 பல் எவ்வளவுக்கு உதவும்?

மட்டக்களப்பு நகருக்கும் ஏறாவூருக்கும் இடையில் சைக்கிள் ஓடுகிறவருக்குக் கியரே பெரிதாகத் தேவையில்லை. வாவிக்கரை முழுக்கச் சமதரை. கிரானில் மேற்கே திரும்பிக் குடும்பிமலைப் பக்கம் போனாலோ, செங்கலடி–பதுளை வீதியில் மகாஓயாவைத் தாண்டினாலோதான் கால் கேள்வி கேட்கத் தொடங்கும். மாரி பெய்த பிறகு அந்தப் பக்கத்துக் கிறவலும் ஈரப் பாறையும் வேரும் சேர்ந்த ஏற்றங்களுக்கு ஷிமானோவின் 11 வேக டியோர் எம்5100 கியர் தொகுதி நல்ல தெரிவு. ஆனால் பின்னாலுள்ள மிகப் பெரிய பல்சக்கரத்தில் 51 பல் இருக்கிறதே என்று எல்லா ஏற்றத்திலும் அதிலேயே மிதிப்பது பிழை.

கசெட்டின் (பின்சில்லில் உள்ள பல்சக்கர அடுக்கு) பற்கள் 11, 13, 15, 18, 21, 24, 28, 33, 39, 45, 51. பழைய 8, 9, 10 வேகக் கசெட் ஏறும் அதே ஹப்பில் (சில்லின் நடுப்பகுதி) இதுவும் ஏறும். 12 வேக டியோர் எம்6100க்கு மைக்ரோ ஸ்ப்லைன் என்ற வேறு வகை ஹப் வேண்டும். அந்தச் செலவு இதில் மிச்சம். ஆனால் உங்கள் சைக்கிளில் இருப்பது திருகிப் பூட்டும் ஃப்ரீவீல் என்றால் பின் ஹப்பையே மாற்றவேண்டும். வாங்கமுதல் பின்சில்லைக் கழற்றிப் பாருங்கள்.

32 பல் செயின்வீலோடு (மிதியோடு சுழலும் முன் பல்சக்கரம்) 51இல், 29 அங்குலச் சில்லு ஒரு மிதிச் சுற்றுக்கு ஏறக்குறைய 1.44 மீற்றர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 5 கிலோமீற்றருக்குச் சற்று மேல். காலுக்கு இது சுகம். டயருக்கு அப்படியில்லை: அதே மிதிக்கு 51இல் பின்சில்லில் விழும் முறுக்கு 39இல் விழுவதைவிட 30 சதவீதம் கூட. ஈர வேரில் டயர் சறுக்கிச் சுழல்வது பெரும்பாலும் இதனால்தான். காய்ந்த கிறவலில் நீண்ட ஏற்றத்துக்கு 51 வையுங்கள். வழுக்கும் இடத்தில் 45 அல்லது 39இல் மெதுவாக, சமமாக மிதியுங்கள். இதற்காகவே 30 பல் செயின்வீல் போடுவது புத்தி. அப்போது 45இல் கிடைக்கும் விகிதம் 0.67, 32–51இல் 0.63. வித்தியாசம் சிறிது.

51ஐத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு. படிபோன்ற பாறையைத் தாண்டும்போது மிதி கல்லில் இடிக்காமல் இருக்க, கிராங்கை (மிதி பூட்டிய தண்டு) கால் சுற்று பின்னே இழுத்து மறுபடி அரைச் சுற்று மிதிப்போம். 51இல் செயின் உள்பக்கம் சரிந்து ஓடுவதால், பின்னே இழுத்தவுடன் அது 45க்கு நழுவும். மிதி திடீரென்று இடறும், கால் தரையில். 45, 39இல் இந்தத் தொல்லை குறைவு.

கியரைத் தடைக்கு முன்னாலேயே மாற்றி முடியுங்கள். மிதித்தபடியே கியர் இலேசாக மாற உதவும், எம்6100இல் உள்ள ஹைப்பர்கிளைட் பிளஸ் இதில் இல்லை. பாரமாக மிதித்தபடி மாற்றினால் செயின் அரைத்து, கிளிக் என்று பலமாக ஏறும். ஏற்றம் தொடங்க 3, 4 மீற்றர் முன்பு மாற்றி, ஒரு சுற்று இலேசாக மிதித்து, பிறகு பலம் போடுங்கள். சீற்றின் மூக்கில் உட்கார்ந்து முழங்கையைத் தாழ்த்தி, நெஞ்சை ஹேண்டிலுக்கு அருகே கொண்டுவாருங்கள். முன்சில்லு தூக்கினால் இன்னும் முன்னே. பின்சில்லு சறுக்கினால் சற்றுப் பின்னே. வேரைக் குறுக்காக, செங்கோணத்தில் எடுங்கள். முன்சில்லு ஏறியதும் உடலை முன்னே தள்ளிப் பின்சில்லின் பாரத்தைக் குறையுங்கள், அது வேரின் மேல் இருக்கும் அந்தக் கணத்தில் மட்டும் மிதிக்காதீர்கள். பலம் போடவேண்டியது அதற்கு முன்னும் பின்னும்தான்.

காற்றும் முக்கியம். 70 கிலோ ஆளுக்கு, 2.3 அங்குல டியூப்லெஸ் டயரில் முன் 21, பின் 24 பிஎஸ்ஐ அளவில் தொடங்கலாம். டியூப் இருந்தால் 28க்குக் கீழே போனால் பாறை விளிம்பில் டியூப் நசுங்கி இரட்டைத் துளை விழும்.

குறை என்றால், செயினைப் பல் மாற்றிவிடும் நீளமான கூண்டுள்ள பின் டீரெயிலர்தான். தாழத் தொங்குவதால் காட்டுத் தடியை இழுத்துவரும். அதைச் சட்டத்தில் தாங்கும் ஹேங்கர் சற்று வளைந்தாலே 45க்கும் 51க்கும் நடுவில் செயின் தயங்கும், கேபிளை எவ்வளவு திருகினாலும் சரிவராது. மேலதிக ஹேங்கர் ஒன்று பையில் இருக்கட்டும். சில்லு கழற்றமுன், செயின் ஆடாமல் டீரெயிலரை இறுக்கிப் பிடிக்கும் கிளட்ச் நெம்பைக் கீழே தட்டி அணையுங்கள், பூட்டியபின் மறக்காமல் மேலே தள்ளுங்கள். கசெட்டின் பூட்டு வளையத்தை 40 நியூட்டன் மீற்றர் முறுக்குக்கு இறுக்குங்கள்.

கடற்காற்றில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஓடிவந்த அன்றே துடைத்து எண்ணெய் விடுங்கள். நீட்சி 0.5 சதவீதம் தொட்டதும் செயினை மாற்றினால், அதைவிட விலை கூடிய கசெட் தப்பும்.