முசோலினி மேல வந்த கதை: அல்சூர் ஞாயிறு வகுப்பு பத்தி என் ரிவ்யூ

பெங்களூர்ல பெரியவங்களுக்கு தமிழ்லயே வரலாறு சொல்லிக் குடுக்கற இடம் ஏதாவது இருக்கான்னு அடிக்கடி கேக்கறாங்க, இருக்கு. அல்சூர்ல, ஏரிக்கு பக்கத்து தெருவுல ஒரு வீட்டு மாடியில ஞாயித்துக்கிழமை காலைல 10 மணிக்கு நடக்குது, ஆறு வாரம், ஒவ்வொரு வாரமும் ரெண்டு மணி நேரம், மொத்தம் 1800 ரூபாய், யுபிஐலயே கட்டிடலாம். இந்த பேட்ச்ல எடுத்தது இத்தாலி சர்வாதிகாரி முசோலினி. அதுவும் முழுக்கதை இல்ல, பொறந்ததுல இருந்து 1925 ஜனவரி வரைக்கும் மட்டும்தான், அதாவது ஒரு ஆள் எப்படி மேல வந்தான்ங்கறது மட்டும். ரெண்டாம் உலகப்போர், தோல்வி, சாவு எதுவும் கிடையாது. அதை எதிர்பார்த்து வர்றவங்க முன்னாடியே தெரிஞ்சுக்கறது நல்லது.

சிபிஎஸ்இ ஒன்பதாம் வகுப்பு புக்ல ஹிட்லருக்கு தனி பாடமே இருந்துச்சு, முசோலினிக்கு அப்படி ஒண்ணும் இல்ல, அதனால நம்மள்ல பாதி பேருக்கு ஹிட்லரோட கூட்டாளிங்கற அளவுலதான் தெரியும். ஆனா ஹிட்லருக்கு பத்து வருஷம் முன்னாடியே ஆட்சிக்கு வந்தவன் இவன், ஹிட்லர் இவனைப் பாத்து கத்துக்கிட்டவன். அதனால இங்க இருந்து ஆரம்பிக்கறதுதான் சரின்னு எனக்கு தோணுது.

சொல்லிக் குடுக்கறவங்க ரிட்டயர்டு ஹிஸ்டரி டீச்சர், எல்லாரும் மிஸ்னுதான் கூப்பிடறோம், எழுபது வயசு ரிட்டயர்டு சார் கூட மிஸ்னுதான் கூப்பிடறார். பவர்பாயிண்ட் இல்ல, ஒரு ஒயிட் போர்டு மட்டும். இடது பக்கம் வருஷம், நடுவுல நடந்தது, வலது பக்கம் "யார் தடுத்திருக்கலாம்?"னு ஒரு கட்டம். ஒவ்வொரு வகுப்பு முடியும்போதும் அந்த கட்டத்தை நாங்கதான் பேசிப் பேசி நிரப்பணும். இந்த வகுப்போட உயிரே அதுதான், வேற எங்கயும் இப்படி நான் பாத்ததில்ல, சும்மா தேதி ஒப்பிக்கற வேலையே இல்ல.

முதல் வகுப்பு சின்ன வயசு. 1883 ஜூலை 29, வட இத்தாலியில பிரெடாப்பியோங்கற ஊர். அப்பா அலெஸ்ஸாண்ட்ரோ கொல்லர், பட்டறையிலயே அரசியல் பேசற தீவிர சோசலிஸ்ட், பையனுக்கு மெக்ஸிகோ தலைவர் பெனிட்டோ ஹுவாரெஸ் பேரை வெச்சவர். அம்மா ரோசா ஸ்கூல் டீச்சர், சர்ச்சுக்கு தவறாம போறவங்க. பாதிரியார்கள் நடத்தின ஹாஸ்டல் ஸ்கூல்ல சேத்தாங்க, அங்க கூட படிச்ச பையனை பேனாக்கத்தியால குத்திட்டு வெளியேத்தப்பட்டான். இதைக் கேட்டதும் வகுப்புல ரெண்டு மூணு பேர் "அப்பவே தெரிஞ்சிருக்கு பாருங்க"ன்னாங்க, மிஸ் அதை ஒத்துக்கவே இல்ல. பேனாக்கத்தி எடுத்த பசங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க, அவங்க எல்லாரும் சர்வாதிகாரி ஆகலையே, இவனுக்கு மட்டும் யார் வழி விட்டாங்கன்னு பாருங்கன்னு சொன்னாங்க. எனக்கு அது ரொம்ப முக்கியமான பேச்சு, ஏன்னா சின்ன வயசுலயே ராட்சசன்னு முடிவு கட்டிட்டா மத்தவங்க எல்லாரும் சுலபமா தப்பிச்சுடறாங்க.

டீச்சர் ட்ரெயினிங் முடிச்சு கொஞ்ச நாள் வாத்தியார் வேலை, 1902ல சுவிட்சர்லாந்துக்கு போயிட்டான், அங்க கட்டட வேலை, வேலை இல்லாதப்ப பாலத்துக்கு அடியில படுத்தது, நாடோடின்னு போலீஸ் பிடிச்சது. இந்த இடத்தை மிஸ் கொஞ்சம் வேகமா ஓட்டிட்டாங்க. ஆனா அவன் பத்திரிகைக்காரன் ஆன பகுதியை நல்லா விரிச்சு சொன்னாங்க. 1911ல இத்தாலி லிபியா மேல படையெடுத்தப்ப போருக்கு எதிரா கிளர்ச்சி பண்ணி ஜெயிலுக்கு போனவன் இவன், அதனால கட்சிக்குள்ள ஹீரோ ஆகி 1912 கடைசில சோசலிஸ்ட் கட்சியோட பத்திரிகை அவந்திக்கே ஆசிரியர் ஆயிட்டான், பேப்பர் விற்பனை மடமடன்னு ஏறிச்சு. எழுத்து அவ்வளவு சூடா இருக்கும்னு படிச்சுக் காட்டினாங்க. அதே ஆள் 1914ல உலகப்போர் வந்ததும் சில மாசத்துலயே மாறி, இத்தாலி போர்ல இறங்கியே ஆகணும்னு எழுத ஆரம்பிச்சு, நவம்பர்லயே சொந்த பேப்பர் தொடங்கி, அதே மாசம் கட்சில இருந்து நீக்கப்பட்டான். கையில காசு இல்லாதவனுக்கு தினசரி பேப்பர் நடத்த பணம் எங்க இருந்து வந்துச்சு? போரை விரும்பின தொழிலதிபர்கள் குடுத்தாங்க, பிரான்ஸ்காரங்க குடுத்தாங்க, 1917ல பிரிட்டிஷ் உளவுத்துறை வாரத்துக்கு 100 பவுண்டு குடுத்திருக்கு. வலது பக்க கட்டத்துல முதல் பேரு அன்னிக்குதான் விழுந்துச்சு.

மூணாவது வகுப்பு 1919. மார்ச் 23, மிலன்ல வியாபாரிகள் சங்க ஹால் ஒண்ணுல சின்ன கூட்டம், போர்ல இருந்து வந்த சிப்பாய்ங்க, முன்னாள் சோசலிஸ்ட்டுங்க, சில கலைஞர்கள், பாசிச இயக்கம் அங்கதான் தொடங்கிச்சு. அந்த வருஷம் அவங்க விட்ட திட்டத்துல பெண்களுக்கு ஓட்டு, எட்டு மணி நேர வேலை, போர் லாபத்தை பிடுங்கணும்னு எல்லாம் இருக்கு, படிச்சா இடதுசாரி கட்சின்னு நினைச்சுக்குவீங்க. நவம்பர் தேர்தல்ல மிலன்ல 5000 ஓட்டு கூட வரல, ஒரு சீட்டும் இல்ல. சோசலிஸ்ட்டுங்க அவன் வீட்டு முன்னாடி சவப்பெட்டி ஊர்வலம் போனாங்க, இவன் கதை முடிஞ்சுதுன்னு. மூணு வருஷம் கூட ஆகல, பிரதமர்.

நடுவுல என்ன நடந்துச்சுங்கறதுதான் நாலாவது வகுப்பு, ஆறுலயும் இதுதான் பெஸ்ட், இதுக்கு மட்டும் 1800 ரூபாய் குடுக்கலாம். 1920ல தொழிலாளிங்க ஃபேக்டரிகளை பிடிச்சு உக்காந்தாங்க, போ நதி சமவெளியில விவசாயக்கூலி சங்கங்கள் பலமா இருந்துச்சு, நிலக்காரங்க பயந்து போய் கறுப்புச் சட்டை போட்ட பாசிஸ்ட் ஆளுங்களுக்கு பணம் குடுத்தாங்க. அவங்க லாரில வந்து இறங்கி சங்க ஆபீசை கொளுத்துவாங்க, கூட்டுறவு கடையை உடைப்பாங்க, தலைவர்களை தடியால அடிச்சு விளக்கெண்ணெயை வாயில ஊத்துவாங்க. விளக்கெண்ணெய்ன்னதும் பின்னாடி யாரோ சிரிச்சாங்க. மிஸ் நிறுத்திட்டு, ஊர் நடுவுல பெத்த பசங்க முன்னாடி ஒரு மனுஷனை அந்த கோலத்துக்கு ஆளாக்கினா அவன் அடுத்த நாள் சங்கக் கூட்டத்துக்கு வருவானான்னு கேட்டாங்க. அப்புறம் அந்த ரூம்ல சத்தமே இல்ல. போலீஸ் பல இடத்துல வேடிக்கை பாத்துச்சு, சில இடத்துல வண்டியும் ஆயுதமும் குடுத்துச்சு. கோர்ட்டும் கண்டுக்கல.

அன்னிக்கு ஐடிஐ டெலிஃபோன் ஃபேக்டரில வேலை பாத்து ரிட்டயர் ஆன ஒரு சார், தொழிற்சங்கத்துல இருந்தவர், சோசலிஸ்ட்டுங்களை விட்டுக் குடுக்கவே மாட்டேன்னுட்டார். மிஸ்ஸும் விடல. 1921 ஜனவரில லிவோர்னோ மாநாட்டுல கட்சி உடைஞ்சு கம்யூனிஸ்ட்டுங்க தனியா போனது, வேற யாரோடயும் சேந்து அரசாங்கம் அமைக்க மாட்டோம்னு நின்னது, 1922 ஆகஸ்ட்ல கூப்பிட்ட பொது வேலைநிறுத்தம் பிசுபிசுத்துப் போனது, எல்லாத்தையும் போர்டுல எழுதினாங்க. சார், அடி வாங்கினவன் மேலயே பழியான்னு கேட்டார். பழி இல்லீங்க சார், அடிச்சவன் பேரு முதல்லயே இருக்கு, ஆனா இந்த கட்டம் வேறன்னாங்க. ரெண்டு பேருமே மனசார பேசினாங்க, மரியாதை குறையாம. எனக்கு சார் பக்கம்தான் மனசு இன்னும் சாயுது, சங்க ஆபீஸ் எரியும்போது ஒத்துமையா இருங்கன்னு தூரத்துல இருந்து சொல்றது சுலபம்.

1921 மே தேர்தல்ல அப்ப பிரதமரா இருந்த ஜியோலித்தி, பாசிஸ்ட்டுங்களை தன் கூட்டணி லிஸ்ட்ல சேத்துக்கிட்டார், கொஞ்சம் அதிகாரம் குடுத்தா அடங்கிடுவாங்கன்னு கணக்கு. 35 பேர் பார்லிமென்டுக்குள்ள வந்துட்டாங்க. மொத்தம் 535 சீட்டு, அதுல 35.

அடுத்தது ரோம் படையெடுப்பு. பேரைக் கேட்டா ஏதோ போர் நடந்து கோட்டையைப் பிடிச்ச மாதிரி இருக்கும், நானும் அப்படித்தான் படிச்சிருந்தேன். 1922 அக்டோபர் 28, கறுப்புச் சட்டைக்காரங்க மழையில நனைஞ்சு, பாதி பேர் கையில சரியான ஆயுதம் இல்லாம ரோமுக்கு வெளிய நிக்கறாங்க, ராணுவம் இறங்கியிருந்தா கலைஞ்சிருப்பாங்க. பிரதமர் ஃபக்தா அவசரநிலை உத்தரவு தயார் பண்ணி ராஜாகிட்ட எடுத்துட்டு போறார். ராஜா விக்டர் இம்மானுவேல் கையெழுத்து போட மறுத்துட்டார். அவ்வளவுதான். முசோலினி அந்த படையோடயே இல்ல, மிலன்ல இருந்தான், ராஜாகிட்ட இருந்து அழைப்பு வந்தப்புறம் ராத்திரி ரயில் ஏறி 30ஆம் தேதி காலைல ரோம்ல இறங்கினான், 39 வயசு, அதுவரைக்கும் இத்தாலியோட மிகச்சின்ன வயசு பிரதமர். நவம்பர்ல நம்பிக்கை ஓட்டு, ஆதரவு 306, எதிர்ப்பு 116. கையில 35 பேர் வெச்சிருக்கறவனுக்கு 306 ஓட்டு. இந்த சபையை என் ஆளுங்க தங்கற முகாமா மாத்தியிருக்க முடியும்னு அவங்க முகத்துக்கு நேராவே சொல்றான், அதுக்கப்புறமும் கை தூக்கறாங்க, ஜியோலித்தி உள்பட. இந்த ரெண்டு நம்பரையும் போர்டுல பக்கத்து பக்கத்துல எழுதிட்டு மிஸ் கொஞ்ச நேரம் எதுவும் பேசல. எனக்கு உடம்பெல்லாம் என்னவோ பண்ணிச்சு.

கடைசி வகுப்பு மத்தெயோத்தி. இந்த பேரே எனக்கு தெரியாம இருந்துச்சு, நம்ம ஊர்ல நிறைய பேருக்கு தெரியாது, தெரியணும். 1923ல ஒரு சட்டம் கொண்டு வர்றாங்க, அதிக ஓட்டு வாங்கின லிஸ்ட் கால்வாசி ஓட்டைத் தாண்டிட்டா மூணுல ரெண்டு பங்கு சீட் அதுக்கே. 1924 ஏப்ரல் தேர்தல் மிரட்டலோட நடக்குது. மே 30ஆம் தேதி சோசலிஸ்ட் எம்பி ஜியாக்கோமோ மத்தெயோத்தி பார்லிமென்ட்ல எழுந்து, கத்தி கூச்சல் போடறவங்க நடுவுல, தேர்தல் மோசடியை ஊர் ஊரா சொல்றார். ஜூன் 10ஆம் தேதி பட்டப்பகல்ல ரோம் தெருவுல காருக்குள்ள இழுத்துப் போட்டு கொன்னுட்டாங்க, உடம்பு ஆகஸ்ட்லதான் கெடைச்சுது. நாடே கொந்தளிச்சுது, அந்த சமயத்துல முசோலினி விழுந்திருக்கலாம். எதிர்க்கட்சிக்காரங்க பார்லிமென்டை விட்டு வெளிய வந்து ராஜா ஏதாவது செய்வார்னு காத்திருந்தாங்க, ராஜா ஒண்ணும் செய்யல. 1925 ஜனவரி 3, நடந்த எல்லாத்துக்கும் நான்தான் பொறுப்புன்னு சபையில நின்னு சொல்றான், யாரும் ஒண்ணும் பண்ண முடியல. அதுக்கப்புறம் ரெண்டு வருஷத்துக்குள்ள மத்த கட்சி, சுதந்திர பத்திரிகை எல்லாம் காலி.

இந்தியாக்காரங்க அப்ப என்ன நினைச்சாங்கன்னு ஒருத்தங்க கேட்டாங்க, அதுக்கு அரை மணி நேரம் தனியா ஒதுக்கினாங்க. தாகூர் 1926ல விருந்தாளியா போய் உபசாரத்துல மயங்கி நல்லபடியா பேசிட்டு, அப்புறம் உண்மை தெரிஞ்சு கண்டிச்சு எழுதினது, காந்தி 1931 டிசம்பர்ல ரோம்ல நேர்ல பாத்தது, நேரு 1936ல ரோம் வழியா வந்தப்ப எவ்வளவோ வற்புறுத்தியும் பாக்க மறுத்தது. இதுக்கு ஒரு முழு வகுப்பே வெக்கலாம்.

குறைன்னா, பெரிய குறை பெண்கள். சுவிட்சர்லாந்துல கிழிஞ்ச சட்டையோட நின்னவனை படிக்க வெச்சு, அவந்தில கூடவே வேலை பாத்து, பின்னாடி கடைசிவரைக்கும் எதிர்த்த அஞ்சலிக்கா பலபனோவா. அவனை உலகத்துக்கு நல்லவனா காட்டி வாழ்க்கை வரலாறு எழுதின யூதப் பெண் மார்கரித்தா சர்ஃபாத்தி. அவன் பிள்ளையைப் பெத்துட்டு, நான்தான் மனைவின்னு சொன்னதுக்காக மனநல ஆஸ்பத்திரில அடைக்கப்பட்டு அங்கயே செத்த ஈதா தால்சர். மூணு பேரும் சேந்து பத்து நிமிஷம்தான். ஈதா தால்சர் பையனும் அப்படி ஒரு ஆஸ்பத்திரிலயேதான் செத்தான். அதைக் கேட்டுட்டு அடுத்த தலைப்புக்கு எப்படி போக முடியும்? மிஸ்கிட்ட நேராவே சொல்லிட்டேன், அடுத்த தடவை சேக்கறேன்னாங்க. இத்தாலி படையெடுத்த லிபியா, எத்தியோப்பியா பக்கமும் ஒண்ணுமில்ல, காலவரம்பு காரணம்னாலும் லிபியா 1911லயே வருதே, அங்க இருந்த மக்களுக்கு என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குடுக்கற நோட்ஸ் இங்கிலீஷ்ல மட்டும்தான் இருக்கு, தமிழ்ல வகுப்பு எடுத்துட்டு நோட்ஸ் இங்கிலீஷ்லன்னா வயசானவங்களுக்கு கஷ்டம்.

வசதி பத்தி. மைக் கிடையாது, பின் வரிசையில கேக்காது, அதனால 9.45க்கே போய் முன்னாடி உக்காருங்க. லிஃப்ட் இல்ல, ரெண்டு மாடி ஏறணும், முட்டிவலி இருக்கறவங்க யோசிச்சுக்கோங்க. கார் பார்க்கிங் சுத்தமா இல்ல, பர்ப்பிள் லைன்ல ஹலசூரு ஸ்டேஷன்ல இறங்கி நடந்துடலாம். நடுவுல காபி குடுக்கறாங்க, நல்ல ஃபில்டர் காபி, காசு தனியா இல்ல. கேஜிஎஃப்ல இருந்து ரயில் பிடிச்சு வர்ற அப்பாவும் பொண்ணும் இருந்தாங்க, அந்தப் பொண்ணு பியூசி படிக்குது, கேக்கற கேள்வியெல்லாம் அவ்வளவு நல்லா இருந்துச்சு, அந்த வயசு பசங்களை தாராளமா அனுப்புங்க. அதை விட சின்னப் பசங்களை நாலாவது, ஆறாவது வகுப்புக்கு கூட்டிட்டு வராதீங்க. ஒரு வகுப்பு தவறினா அடுத்த பேட்ச்ல வந்து உக்காந்துக்கலாம், பணம் திருப்பித் தர மாட்டாங்க.

அஞ்சுக்கு நாலரை குடுக்கறேன், அரை மார்க் ஈதா தால்சருக்காக பிடிச்சு வெச்சிருக்கேன். அடுத்த பேட்ச் போர்ச்சுகல் சலசார், எகனாமிக்ஸ் வாத்தியாரா இருந்து சர்வாதிகாரி ஆனவர், கோவாவோட கதையும் அதுல வரும். நான் பணம் கட்டிட்டேன், இருபத்தஞ்சு பேருக்குதான் இடம்.