ஒமாயா: தலைத்தோலுக்கு அடியில் ஒரு குமிழ்

குழந்தைகளின் மூளைக்கட்டிக்கு கார்-டி சிகிச்சை (நோயாளியின் நோய் எதிர்ப்புச் செல்களை எடுத்து, கட்டியைத் தாக்கும்படி மாற்றித் திரும்ப ஏற்றுவது) என்றாலே எல்லோரும் செல்களைத்தான் புகழ்கிறார்கள். புகழட்டும். மூளைத்தண்டில் வரும் டிஐபிஜி கட்டியை வெட்டி எடுக்க வழியே இல்லை. கதிர்வீச்சு கொடுத்தாலும் பாதிப் பிள்ளைகள் ஒரு வருடம் தாண்டுவதில்லை. அப்படிப்பட்ட நோயில், ஸ்டான்ஃபோர்டில் ஜிடி2 என்ற, கட்டிச் செல்களின் மேல் இருக்கும் மூலக்கூறைக் குறிவைக்கும் செல்கள் ஏற்றிய 11 பேரில் ஒருவருக்குக் கட்டி முழுக்க மறைந்தது என்று 2024-இல் நேச்சர் இதழில் வந்தபோது, எங்கள் வார்டில் அன்று வேறு பேச்சில்லை. ஆனால் ஒரு நர்ஸாக நான் மார்க் போட நினைப்பது, அந்தச் செல்கள் மூளைக்குள் போகும் வழியான ஒமாயா குமிழுக்கு.

அயூப் ஒமாயா என்ற நரம்பு அறுவை நிபுணர் 1963-இல் அறிமுகப்படுத்திய சாதனம் இது. தலைத்தோலுக்கு அடியில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சிலிக்கோன் குமிழ், அதிலிருந்து மூளையின் நீரறைக்குள் இறங்கும் மெல்லிய குழாய். அவ்வளவுதான். மரத்துப்போகும் களிம்பைத் தடவிக் காத்திருந்து, தோலைத் துடைத்து, பட்டர்ஃபிளை ஊசியைக் குத்துவோம். முதலில் கொஞ்சம் மூளைநீரை எடுத்துவிட்டுத்தான் செல்களை ஏற்ற வேண்டும், அதுவும் மெதுவாக. அவசரப்பட்டால் பிள்ளைக்குத் தலைவலி, நமக்கு முறைப்பு. ஒவ்வொரு டோஸுக்கும் முதுகில் ஊசி போட்டிருந்தால் எந்தக் குழந்தை திரும்ப வரும்?

குமிழின் அருமை தெரிவது பிறகுதான். செல்கள் கட்டியைத் தாக்கும்போது அந்த இடமே வீங்கும். மூளைத்தண்டில் வீங்க ஏது இடம்? நீரோட்டம் அடைபட்டு அழுத்தம் ஏறும். அப்போது செல் ஏற்றிய அதே குமிழில் ஊசி வைத்து நீரை இறக்கலாம். கண் சொருகிக் கிடந்த பையன் ஒருவன், நீரை எடுத்த கொஞ்ச நேரத்தில் டிவி ரிமோட் எங்கே என்று கேட்டான்.

குறை இல்லாமல் இல்லை. பொருத்த ஓர் அறுவை சிகிச்சை வேண்டும். கிருமி புகுந்தால் பெரும்பாலும் குமிழையே கழற்ற வேண்டிவரும், சிகிச்சையும் அந்தரத்தில் நிற்கும். முடி மழிப்பதைப் பெரியவர்கள் சின்ன விஷயம் என்கிறார்கள். பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் சொல்லிப் பாருங்கள்.

ஐந்துக்கு நாலரை. பொருத்துவதற்கு முன், பிள்ளை எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்கும் என்பதை மட்டும் அறுவை நிபுணரிடம் சொல்லிவிடுங்கள். அவராகக் கேட்க மாட்டார்.